கசிவுத் தேர்வு

நிலவுத் தென்முனைக் குடியிருப்பு, பள்ளிப் பிரிவு
மதிப்பீட்டாளர் பதிவு

செவ்வாய், மாலை 6.10

இன்று சொல்லாதது: எனக்குப் பயமாக இருக்கிறது என்பது.

தலைமையாசிரியர் மரகதவல்லி இணைப்பில் கேட்டார்: "எப்படிம்மா நம்ம பிள்ளைங்க?" நன்றாகப் படிக்கிறார்கள் என்றேன்.

அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கலை, கணிதம் ஐந்துக்கும் இங்கே ஒரே தேர்வு. கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து பொத்தானை அழுத்தித் தேர்வுக் கூடத்தின் காற்றழுத்தத்தை நான் சற்றுக் குறைப்பேன். மாணவர்கள் காரணம் எழுதி, உணரியைச் சோதித்து, அடைப்பான் ஒன்றை வடிவமைத்து வரைந்து, மிச்சமுள்ள நேரத்தைக் கணக்கிட வேண்டும். இன்று எழுதிய எல்லாருக்கும் முழு மதிப்பெண். ஒருவர்கூட எழுந்து கதவைத் திறக்கவில்லை. திறந்தால் மதிப்பெண் இல்லை, எழுந்தாலே குறையும்.

புதன், காலை 10.20

இரண்டாம் பிரிவு. பன்னிரண்டு பேர். தேர்வு நேரமாதலால் அபாயச் சங்கை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். கதவு உள்ளிருந்து மட்டுமே திறக்கும். வெளியாள் யாரும் விடை கொடுத்துவிடக் கூடாதாம்.

10.26

அழுத்தம் இறங்குகிறது. நான் இன்னும் பொத்தானைத் தொடவில்லை.

10.28

ஒலிபெருக்கியில் சொன்னேன். உண்மையான கசிவு, வெளியே வாருங்கள் என்று. முன்வரிசையில் அதியன் சிரிக்கிறான்.

"மிஸ், போன வருசம் வந்த சாரும் இப்படித்தான் கத்துனாரு. கவனத்தைக் கலைக்கிற பகுதிதானே? நாங்க ஏமாற மாட்டோம்."

"செம நடிப்பு மிஸ்!" என்றது பின்வரிசைக் குரல் ஒன்று.

10.30

மரகதவல்லி: "கதவை இங்கேருந்து திறக்க வழியில்லம்மா. நாமதான் வேணாம்னு எடுத்தோம். பேசுங்க. பேசிக்கிட்டே இருங்க. ஆள் வர்றாங்க."

கண்ணாடியை நாற்காலியால் அடித்தேன். கீறல்கூட இல்லை. பிள்ளைகளின் உதடுகள் நீலம். எழுதுகிறார்கள்.

10.33

விடைகளை வாசிக்கிறேன். சத்தமாக. ஒன்று முதல்.

"மிஸ், சொல்லாதீங்க! தேர்வு செல்லாமப் போயிடும்!"

"போச்சு. எல்லாம் போச்சுடா. எந்திரிங்க."

அழுகிறார்கள். திட்டுகிறார்கள். திட்டட்டும். அதியன் கதவைத் திறந்துவிட்டான். ஒவ்வொருவராக இழுக்கிறேன்.

நிறைமதி வரவில்லை. முதல் விடையிலேயே இரண்டு காதிலும் துணியை அடைத்துக்கொண்டாள். குனிந்து எழுதுகிறாள். கேட்டு எழுதக் கூடாதென்று. நிறைமதி. நிறைமதி

வியாழன், காலை

அழுத்தம் எல்லைக்குக் கீழே போனதும் அவசரக் கதவு விழுந்தது. நான் அதற்கு இந்தப் பக்கம் இருந்தேன். பதினொரு பேர் வெளியே வந்தார்கள். நிறைமதி இறந்துவிட்டாள். அவள் எழுதியது அத்தனையும் சரி. செல்லாமல் போன தேர்வை வரும் திங்கள் அதே கூடத்தில் மறுபடி நடத்துகிறார்கள்.