மணிக்கட்டில் மூன்றெழுத்து

ஏப்ரல் 6, 2025. ஞாயிறு

பாத்திரம் கழுவும்போது லோகுவின் முழுக்கைச் சட்டை நனைந்தது. மடித்துவிட்டுக்கொள் என்றேன். மாட்டேன் என்றாள். பெற்றவளிடம் என்னடி வெட்கம் என்று மகளின் கையை நானே பிடித்து இழுத்து மடித்தேன். வலது மணிக்கட்டின் உள்பக்கம், கறுப்பு மையில், 'சைமன்'.

பச்சை குத்தியிருக்கிறாள். "டாட்டூங்கம்மா" என்று என்னைத் திருத்துகிறாள்! அந்த நேரத்திலும் வாய் குறையவில்லை.

சைமன் ஆபீசில் கூட வேலை செய்கிறவனாம். மேட்டுப்பாளையத்துக்காரன். சர்ச்சுக்குப் போகிற குடும்பம். இரண்டு வருஷப் பழக்கமாம். கோபியில் மாப்பிள்ளை வீட்டோடு உறுதி பேசி இன்னும் ஒரு மாதம் ஆகவில்லை. வைகாசியில் கல்யாணம். கைகோர்வைச் சீரில் இவள் வலது கையை மாப்பிள்ளை கையோடு சேர்த்து, அத்தனை சனமும் பார்க்கப் பிடித்திருப்பார்கள். அந்தக் கையில் இன்னொருத்தன் பேரா?

அவள் போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டேன். ஆபீசுக்கும் இனிப் போக வேண்டாம் என்றேன். இவருக்குத் தெரிந்தால் என்ன ஆகும்?

ஏப்ரல் 7

இவர் சத்தம் போடுகிற மனிதராக இருந்தால் எனக்குப் பயமே இல்லை. எங்கள் வீட்டுக்காரர் தெருநாயைக்கூட "அந்தப் பக்கம் போங்க சாமி" என்றுதான் விரட்டுவார். சூலூரில் பட்டறை வைத்து முப்பது வருஷத்தில் யாரையும் ஒருமையில் பேசியதில்லை.

மூன்று வருஷத்துக்கு முன்னால் இவர் அண்ணன் மகள் ஒரு பையனோடு போனாள். பத்தாம் நாள் அவளைக் கூட்டி வந்துவிட்டார்கள். அந்தப் பையன் தண்டவாளத்தில் கிடந்தான். அன்று மத்தியானம் இவர் வந்து, கை கால் கழுவிவிட்டு, "ரசம் இருக்குதுங்களா அம்மணி" என்று கேட்டு, இரண்டு தடவை ஊற்றிச் சாப்பிட்டார். எங்கே போயிருந்தீர்கள் என்று நான் கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை.

பேர் போய்விட்டால் போதும். பேர் இல்லையென்றால் பையனும் இல்லை, பேச்சும் இல்லை.

ஏப்ரல் 9

ஆர்.எஸ். புரத்தில் ஒரு தோல் கிளினிக்கில் விசாரித்தேன், என் தங்கை மகளுக்கு என்று பொய் சொல்லி. லேசராம். எட்டுத் தடவை வர வேண்டுமாம், ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒன்றரை மாதம் விட வேண்டுமாம். எங்களுக்கு இருப்பதோ எட்டு வாரம். "வீட்டுல ஏதாச்சும் பண்ணிப்போடாதீங்கம்மா, புண்ணாயிரும்" என்றாள் அங்கிருந்த பெண். சரிங்க சரிங்க என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

நானும் ஹோம் சயின்ஸ் படித்தவள்தான். ஒவ்வொன்றாகப் பார்த்து மார்க் போடுவேன்.

ஏப்ரல் 10

எலுமிச்சம்பழமும் உப்பும். அரை மணி நேரம். தோல் சிவந்தது, எழுத்து அப்படியே பளிச்சென்று இருக்கிறது. பத்துக்கு ஒன்று.

ஏப்ரல் 14

இன்று வருஷப்பிறப்பு. ஆன்லைனில் வரவழைத்த கிரீம் நாலு நாளாகப் போடுகிறோம். டப்பாவில் சிரிக்கிற வெள்ளைக்காரிக்கு மட்டும் போயிருக்கிறது போல. இவளுக்குக் கொப்புளம்தான் வந்தது. பத்துக்கு இரண்டு.

"ஏன்டி ஒரு வார்த்தை பேச மாட்டேங்கற? எரியுதா, வலிக்குதா, ஏதாவது சொல்லு" என்றேன். ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் மகள் இப்படி இருந்ததே இல்லை. திட்டினால் திருப்பித் திட்டுகிற பிள்ளை.

ஏப்ரல் 17

எருக்கம்பால். முள் குத்தினால் போடுவார்கள், மச்சம்கூட உதிரும் என்று யாரோ வீடியோவில் சொன்னார்கள். செய்திருக்கக் கூடாது. கை முழங்கை வரை வீங்கிவிட்டது, உடம்பு அனலாய்க் கொதிக்கிறது. மார்க் எல்லாம் போடவில்லை.

கோபியிலிருந்து சம்பந்தியம்மா கூப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமை புடவை எடுக்கப் போகலாம், பிள்ளையையும் கூட்டி வாங்க என்றார். வாயில் வந்ததைச் சொன்னேன்: "லோகுவுக்கு அம்மை போட்டிருக்குதுங்க."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அம்மையை வைத்துப் பொய் சொல்லலாமா? மாரியம்மன் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பாளா? ஆனால் வேறு எதைச் சொன்னாலும் பார்க்க வந்துவிடுவார்கள். அறை வாசலில் வேப்பிலை கட்டினேன். தாளிப்பதை நிறுத்தினேன். இனி அந்த அறைக்குள் யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள்.

ஏப்ரல் 21

மாத்திரையில் காய்ச்சல் இறங்கியது. இப்போது கல் உப்பும் தேங்காய் நாரும். ஈரத் தோலில் வைத்துத் தேய்த்தால் மை துளித்துளியாகக் கசிந்து வருகிறது. இதுதான் வேலை செய்கிறது. 'சை' பாதி மங்கிவிட்டது. துணியெல்லாம் ரத்தம். துப்பட்டாவைச் சுருட்டி வாயில் கடித்துக்கொள்கிறாள். அழுவதுகூட இல்லை.

முடித்துக் கட்டுப் போடும்போது, இத்தனை நாளில் முதல் முறையாக வாயைத் திறந்தாள்.

"இது அழிஞ்சுபோச்சுன்னா அவனை உட்டுருவாங்களாம்மா?"

அடிப்பாவி. இதற்காகத்தான் பல்லைக் கடித்துக்கொண்டு கையை நீட்டியிருக்கிறாளா?

ஏப்ரல் 24, வியாழன்



காலையில் இவர் பட்டறைக்குக் கிளம்பும்போது பேப்பரில் சுற்றிய ஏதோ ஒன்றைச் சமையல் மேடையில் வைத்தார். பிரித்தேன். உப்புத்தாள். பட்டறையில் வார்ப்பு இரும்பைத் தேய்த்து வழவழப்பாக்குகிற தாள்.

"இது நைசுங்க. கொறகொறன்னு இருக்கறது வேண்டாம், புள்ளைக்கு வலிக்கும்."

தெரியும். எல்லாம் தெரியும்! எத்தனை நாளாக? நான் பொய்மேல் பொய் அடுக்கியதையெல்லாம் பார்த்துக்கொண்டேயா ரசம் சாப்பிட்டார்?

"வேப்பிலை இருக்கட்டுங்க, ஊருக்கு அதுவே நல்லது. அந்தப் பேரு போற வரைக்கும் நான் அவ மூஞ்சியில முழிக்க மாட்டேன். செவ்வாக்கிழமை கோபிக்காரங்க வாராங்க. அதுக்குள்ள முடிச்சுருங்க அம்மணி." செருப்பைப் போட்டுக்கொண்டே சொன்னார்: "பேரை நீங்க பாருங்க. ஆளை நாங்க பாத்துக்கறோம்."

சாயங்காலம் இவர் அண்ணன் வந்தார். இருவரும் முன்னறையில் காபி குடித்தார்கள். "ஞாயித்துக்கிழமை சர்ச்சுல காலைப் பூசை எத்தனை மணிக்கு முடியுதாம்?" என்று அண்ணன் கேட்டார். "எட்டரைங்கண்ணா" என்றார் இவர்.

நான் டம்ளர்களை எடுத்து வந்து கழுவினேன். இந்தத் தடவையும் கேட்காமலே இருந்துவிடுவேனா?

ஏப்ரல் 25

இவர் பட்டறைக்குப் போனதும் லோகுவின் போனை எடுத்து அந்தப் பையனைக் கூப்பிட்டேன். "ஏனுங்க தம்பி, நான் லோகுவோட அம்மா" என்றேன். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகாதீங்க, மேட்டுப்பாளையத்திலேயே இருக்காதீங்க, வீட்டாரையும் கூட்டிக்கொண்டு கிளம்புங்க என்றேன். "லோகு எப்படிங்கம்மா இருக்கா?" என்று கேட்டான். அவனுக்கு எப்படிச் சொல்வேன், அவள் கையை நான் என்ன பண்ணி வைத்திருக்கிறேன் என்று?

லோகுவிடம் சர்ட்டிபிகேட், துணி இரண்டு செட், அவள் போன் எல்லாம் கொடுத்தேன். முதலில் ஆஸ்பத்திரிக்குப் போய்க் கையைக் காட்டு, பிறகு நேராகப் பெரிய போலீஸ் ஆபீசுக்குப் போய் எழுதிக் கொடு, எங்கே இருக்கிறாய் என்று எனக்குச் சொல்லாதே என்றேன். சொன்னால் நான் உளறிவிடுவேன்.

"நீங்களும் வாங்கம்மா."

"நானும் வந்துட்டா மத்தியானமே தெரிஞ்சு போயிருமடி. நீ போ."

கட்டுப் போட்ட கையைத் தொட்டேன். உதறவில்லை. பின்வாசல் வழியாகப் போய்விட்டாள்.

ஏப்ரல் 26

பூட்டிய அறைக்குள் தட்டோடு போய், அவள் சாப்பாட்டையும் நானே சாப்பிட்டு, காலித் தட்டோடு வெளியே வருகிறேன்.

ஏப்ரல் 27, ஞாயிறு

காலையில் போன அண்ணனும் தம்பியும் பத்தரைக்கெல்லாம் திரும்பிவிட்டார்கள். அந்தப் பையன் வீடு பூட்டியிருந்ததாம். இவர் முகத்தில் கோபம் இல்லை. சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, புழக்கடைப் பக்கம் போய்க் குப்பைக் கூடையைக் கிளறினார்.

"நேத்து துணியே விழுகலைங்களே அம்மணி. தேய்க்கலீங்களா?"

"இப்பத்தான் தேய்க்கப் போறேனுங்க" என்றேன்.

உப்பையும் நாரையும் எடுத்துக்கொண்டு உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டேன். இவர் வேப்பிலைக்கு அந்தப் பக்கம் நாற்காலி போட்டு உட்காரும் சத்தம் கேட்டது. கட்டிலில் உட்கார்ந்து என் இடது கையை நனைத்தேன். உப்பை வைத்தேன். தேய்த்தேன்.

ஐயோ, இவ்வளவா எரியும்? இதையா என் பிள்ளைக்கு நாள் தவறாமல் செய்தேன்? முந்தானையை வாயில் திணித்தும் அடக்க முடியவில்லை. கத்திவிட்டேன்.

"மெதுவாங்க அம்மணி" என்றார் இவர், கதவுக்கு வெளியே இருந்து. "புள்ளை கத்துதுல்ல."

ரத்தத் துணியைக் கொண்டுபோய்க் கூடையில் போட்டேன். பார்த்தார், தலையாட்டினார். செவ்வாய்க்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள் இருக்கிறது. கையிலும் இடம் இருக்கிறது.