சோம்ஸ்ரீக்கு ஒரு ஜோடி வளையல்

மார்ச் 31, 1978. வெள்ளி. ஜெபல் அலி.

காலையிலிருந்து மணல் காற்று. துவைத்துக் காயப்போட்ட சட்டை பழுப்பாகத் திரும்பி வந்தது. மறுபடி துவைத்தேன்.

மத்தியானம் கம்பெனி வண்டியில் துபாய், டெய்ரா. சோம்ஸ்ரீ ஹோட்டல் பின்வாசலில் நின்றாள். அங்கே படுக்கை விரிப்பு, திரைச்சீலை தைக்கிற வேலை. வெள்ளிக்கிழமை என்றால் கையில் எனக்குச் சோற்றுப் பொட்டலம் இருக்கும். இன்று இல்லை.

படகுத்துறைக்கு நடந்து போய் நின்றதும் சொன்னாள். கான்ட்ராக்ட் முடிகிறதாம். ஏப்ரல் 16 டிக்கெட். பாங்காக்.

"லீவா?" என்றேன்.

"லீவ்" என்றாள்.

"திரும்பி வருவாய்தானே?"

கேட்காதது மாதிரி தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் பாஷை பாதி இங்கிலீஷ், கால் இந்தி, மீதி கைஜாடை. ஆனால் இந்தக் கேள்வி அவளுக்கு நன்றாகப் புரியும். முன்பும் கேட்டிருக்கிறேன்.

அக்கரைக்குப் போகும் படகில் ஏறினோம். கரை வந்ததும் என் சட்டைக் கையில் ஒட்டியிருந்த நூலை எடுத்துப் போட்டாள். அவ்வளவுதான்.

தாய்லாந்துக்காரர்களுக்கு ஏப்ரல் 13 வருஷப் பிறப்பு. நமக்கு 14. ஏறக்குறைய ஒரே நாள். அன்றைக்கு ஒன்று வாங்கிக் கொடுத்தே தீர வேண்டும். சாதாரணப் பொருள் இல்லை. அதைப் பார்க்கிறபோதெல்லாம் துபாய் ஞாபகம் வர வேண்டும். திரும்பி வர வேண்டும்.

சோப்பு, பிளேடு, பல்பொடி வாங்கினேன். தலைவலித் தைலம் மறந்துவிட்டது.

ஏப்ரல் 3, திங்கள்.

புழுக்கம். மூன்றாம் நம்பர் ஜெனரேட்டர் மறுபடி புகை. நேற்று வந்த டிகிரிப் பையன் சூப்பர்வைசர். நான் பதினெட்டு வயசிலிருந்து டீசல் எண்ணெயில் குளிக்கிறேன். படிப்பு இல்லையாம். அகராதியை வைத்து இங்கிலீஷ் படித்ததெல்லாம் படிப்பில் சேராது போல.

அறையில் செல்லையாவிடம் வாய் விட்டுவிட்டேன். கிரேன் ஓட்டுகிறான், சாயல்குடிப் பக்கம். கட்டிலில் படுத்தபடியே கேட்டான்.

"சோமசுந்தரிக்கு என்ன வாங்கப் போறீக அண்ணாச்சி?"

"சோம்ஸ்ரீ."

"நம்ம வாய்க்கு சோமசுந்தரிதேன் வருது. பேசாம ஒரு சென்ட் பாட்டில வாங்கிக் குடுங்க. கேம்ப்ல எல்லாவனும் அதத்தான வாங்குறான்."

எல்லாவனும் வாங்குவது எனக்கு எதற்கு?

யோசித்தவை:

சென்ட். வேண்டாம். காற்றில் போய்விடும்.

கைக்கடிகாரம். நேரத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். வேண்டாம்.

டூ-இன்-ஒன் ரேடியோ. பேட்டரி தீர்ந்தால் மூலையில் கிடக்கும். அவள் ஊரில் வேறு ஆள் பாட்டுக் கேட்பான்.

பட்டுப்புடவை. கட்டத் தெரியாது. வெட்டித் தலையணை உறை தைத்தாலும் தைப்பாள், கைக்காரி.

சங்கிலி. கழுத்தில் போடுவது எனக்கு ஆகாது. என் கல்யாணத்திலேயே தாலி கிடையாது. மேடை, மாலை, இரண்டு பேர் பேச்சு, முடிந்தது. பாக்கியம் கடைசி வரை வெறுங்கழுத்தோடுதான் இருந்தாள். அதற்கு அவள் வீட்டார் என்னைப் பேசிய பேச்சு இன்னும் காதில் இருக்கிறது. கொள்கை கொள்கைதான்.

வளையல். வேலை செய்கிற கை. ஊசி கோக்கும்போதெல்லாம் கண்ணில் படும்.

வளையல்தான்.

ஏப்ரல் 6, வியாழன்.

அரை நாள் வேலை. டெய்ரா தங்கக் கடைத்தெரு. முதல் கடையில் ஒரு குஜராத்தி. நான்கு ஜோடி எடுத்துப் போட்டான். ஒன்று பிடித்தும் போனது. அப்போது சிரித்துக்கொண்டே கேட்டான், "பேட்டி கே லியே, சாச்சா?"

மகளுக்கா என்று.

எழுந்து வந்துவிட்டேன். கடை வாசல்வரை கூப்பிட்டான். திரும்பவில்லை.

அடுத்த கடைக்காரன் எதுவும் கேட்கவில்லை. ஆனால் அளவு கேட்டான். அளவு கொண்டு போகவில்லை. கேம்ப் வண்டி போய்விட்டது. டாக்சி. கோபம் யார் மேல் என்று தெரியவில்லை.

ஐம்பத்தாறு ஒரு வயசா? அவளுக்கு முப்பத்தொன்பது. சின்னப் பெண் இல்லை.

ஏப்ரல் 7, வெள்ளி.

காற்று இல்லை. கடல் எண்ணெய் மாதிரி.

சட்டைப்பையில் செம்புக் கம்பித் துண்டு ஒன்று கொண்டு போனேன். படகில் அவள் கையைப் பிடித்து விரல்களைக் குவிக்கச் சொல்லி, முட்டியைச் சுற்றிக் கம்பியை வளைத்தேன். வளையலுக்கு மணிக்கட்டு அளவு எடுப்பவன் முட்டாள். முட்டிதான் அளவு.

"என்ன இது?" என்று சிரித்தாள். பல நாள் கழித்து வந்த சிரிப்பு.

"மெக்கானிக் வேலை" என்றேன்.

அவளும் கைப்பையிலிருந்து தையல் டேப்பை எடுத்தாள். என் தோள், கழுத்து, கை நீளம் எல்லாம் அளந்தாள். படகில் இருந்த பலூச்சிகள் இருவர் வேடிக்கை பார்த்தார்கள். பார்க்கட்டும். எனக்குச் சட்டை தைக்கிறாள். போகிறவள் எதற்குச் சட்டை தைக்கப் போகிறாள்?

மனசு கொஞ்சம் லேசானது. ஆனால் திரும்பி வருவதைப் பற்றிக் கேட்டால் மறுபடி தண்ணீரைப் பார்க்கிறாள்.

போன வருஷம் இதே சமயம் அவள்தான் என்னைக் கூப்பிட்டாள். வருஷப் பிறப்புக்கு ஊருக்கு வா, அம்மாவை வணங்கு என்று. அவள் அம்மாவுக்கு என்னைவிட மூன்று வயசுதான் கூட. நான் போய்க் காலில் விழுவதா? பெற்ற அப்பன் காலிலேயே விழாதவன். முடியாது என்று சொல்லிவிட்டேன். அன்றைக்கு அவளும் சரி என்றுதான் சொன்னாள்.

ஏப்ரல் 10, திங்கள்.

ஃபில்டர் வாங்க டெய்ராவுக்கு அனுப்பினார்கள். முதல் வேலையாக வளையல். திருகு இல்லாத முழு வளையல், ஜோடி. கம்பியைக் கொடுத்துப் போட்டுப் பார்க்கச் சொன்னேன். அச்சு அசலாக உட்கார்ந்தது.

செல்லையா விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"ஊர்ல மருமகளுக்கு எடுத்ததுன்னு சொல்லுங்க அண்ணாச்சி. கேம்ப்ல ஒரு பய வாயத் தொறக்க மாட்டான்."

"பொய் சொல்லியா கொடுக்கணும்?"

"உங்களுக்கு ஒடம்பு பூராம் வீம்பு."

இருக்கட்டும். மகன்களில் பெரியவன் கடிதம் போடுவதை நிறுத்திவிட்டான், விஷயம் எப்படியோ ஊருக்குப் போனதிலிருந்து. சின்னவன் போடுகிறான், 'சௌக்கியம், சௌக்கியமா' என்பதோடு சரி. அப்பன் தனியாகக் கிடந்தால் குறையில்லை, துணை தேடினால் மானம் போகிறதாம்.

ஏப்ரல் 13, வியாழன்.

எப்படியும் எழுதிவிட வேண்டும்.

ஹோட்டலுக்குப் பின்னால் பணியாளர் குடியிருப்பு. ஆண்கள் முற்றம்வரை வரலாம். சோம்ஸ்ரீ அங்கே ஒரு நாற்காலி போட்டு வைத்திருந்தாள். என்னை உட்கார வைத்தாள். அவள் கீழே சிமெண்டில் மண்டியிட்டாள். எனக்கு அது பிடிக்கவில்லை, எழுப்பப் பார்த்தேன். தலையை ஆட்டினாள்.

வெள்ளைச் சட்டை, மடித்தது. கழுத்துப்பட்டி கடையில் தைத்ததைவிட நேர்த்தி. இரண்டு கையாலும் கொடுத்தாள்.

பிறகு ஒரு கிண்ணம். வாசனைத் தண்ணீர், மேலே மல்லிகைப் பூ. இந்த வெயிலில் எங்கே பிடித்தாளோ. என் இரண்டு கையையும் சேர்த்து நீட்டச் சொன்னாள். உள்ளங்கையில் மெதுவாகத் தண்ணீர் வார்த்தாள். குனிந்த தலை நிமிராமல் அவள் பாஷையில் நீளமாக என்னவோ சொன்னாள். குரல் உடைந்தது. கடைசியில் என் முழங்காலில் நெற்றியை வைத்தாள்.

தாரை வார்ப்பதை எத்தனை கல்யாணத்தில் பார்த்திருக்கிறேன். பெண்ணைப் பெற்றவன் தண்ணீர் வார்த்துக் கொடுப்பான், அதற்குப் பிறகு அவள் இந்த வீட்டுப் பெண் இல்லை. இவளுக்கு அப்பன் இல்லை. தன்னைத் தானே வார்த்துக் கொடுத்தாள். சடங்கு எதிலும் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனால் வார்த்த தண்ணீரை யாராலும் திருப்பி எடுக்க முடியாது.

வளையலை எடுத்தேன். வளையல்காரன் மாதிரி கையைக் குவித்துப் பிடித்து, சோப்பு நுரை தடவி, ஒவ்வொன்றாக ஏற்றினேன். அழுதாள். வலிக்கிறதா என்றேன். இல்லை என்றாள். ரொம்ப நேரம் அழுதாள்.

நாளை காளயுக்தி வருஷம் பிறக்கிறது. பெரியவனுக்குக் கடிதம் எழுதிவிடப் போகிறேன். பதில் வந்தால் வரட்டும், வராவிட்டால் போகட்டும்.

ஏப்ரல் 14, வெள்ளி.

புதுச் சட்டை போட்டுக்கொண்டு போனேன்.

சோம்ஸ்ரீயோடு அவள் அறைத்தோழி வன்னாவும் முற்றத்தில் இருந்தாள். வன்னா வரவேற்பில் வேலை, இங்கிலீஷ் நன்றாகப் பேசுவாள். எடுத்த எடுப்பில் சொன்னேன்: நீ போய் அம்மாவைப் பார்த்துவிட்டு வா, நான் இங்கே வீடு பார்க்கிறேன், கல்யாணம் ஆன மாதிரிதானே இனி.

சோம்ஸ்ரீ வன்னாவைப் பார்த்தாள். வன்னா என்னைப் பார்த்தாள்.

"நேற்று என்ன நடந்தது என்று நினைக்கிறீர்கள்?" என்றாள் வன்னா.

சொன்னேன். எங்கள் ஊர் வழக்கத்தை விளக்கிச் சொன்னேன். வன்னா வாயைப் பொத்திக்கொண்டாள்.

அவள் சொன்னது இது. வருஷப் பிறப்பன்று அவர்கள் ஊரில் அப்பா, அம்மா, வாத்தியார், வயசில் பெரியவர்கள், இவர்கள் கையில் தண்ணீர் ஊற்றுவார்கள். புதுத்துணி கொடுப்பார்கள். செய்த தப்புக்கெல்லாம் மன்னிப்புக் கேட்பார்கள். பெரியவர் நல்ல வார்த்தை சொல்லி அனுப்புவார்.

"புருஷனுக்கு?" என்றேன்.

"அவள் உங்களுக்கு ஊற்றியது அப்படி இல்லை."

அதற்குப் பிறகு சோம்ஸ்ரீயே பேசினாள். அவளுக்குத் தெரிந்த இங்கிலீஷில்.

"யூ குட் டு மீ. மை ஃபாதர் நோ. யூ, சேம் ஃபாதர்."

"சேம் இல்லை" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. "ஒரு வருஷம் என்னோடு கை கோத்து நடந்தாயே, அது அப்பனோடா?"

"அது இல்லை" என்றாள். "அது இருந்தது. இப்போது கலாஸ், முடிந்தது. நான் உன்னைக் கெட்டதாக விட்டுப் போக மாட்டேன். பெரியவராக வைத்துவிட்டுப் போகிறேன்."

வன்னா மொழிபெயர்த்ததில் இன்னும் சில. போன வருஷம் நான் போயிருந்தால் அவள் அம்மா கையில் நான் தண்ணீர் ஊற்றியிருப்பேனாம். அதோடு அந்த வீட்டுப் பிள்ளை ஆகியிருப்பேனாம். அம்மா புதுப் பாய் விரித்துக் காத்திருந்தாளாம்.

"காலில் விழ மாட்டேன் என்றுதானே சொன்னேன்."

"கால் மாஃபி, கால் இல்லை" என்றாள் சோம்ஸ்ரீ, தன் உள்ளங்கையைக் காட்டி. "கை. கை மட்டும்."

குனிவது குனிவதுதான். கையானால் என்ன, காலானால் என்ன? அன்றைக்கே இதை விளக்கிச் சொல்லியிருக்க வேண்டியது யார்?

"அங்கே வேறு ஆள் இருக்கிறானா?"

"இன்னும் இல்லை. அம்மா பார்ப்பாள்."

ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாம் அவள்.

வளையலைக் கழற்று என்றேன். மகளுக்கு வாங்கியது இல்லை அது. குழாயடிக்குப் போனாள். சோப்பு, பிறகு சமையல் எண்ணெய். வன்னா இழுத்துப் பார்த்தாள். முட்டி சிவந்து வீங்கியதுதான் மிச்சம். அத்தனை சரியான அளவு. போதும் விடு என்றேன்.

ஈரக் கையோடு மறுபடி என் முன்னால் மண்டியிட்டாள். நல்ல வார்த்தை சொல்லவில்லையே இன்னும், சொல்லாமல் சடங்கு முடியாதாம்.

எழுந்து வந்துவிட்டேன்.

கேம்ப் மெஸ்ஸில் வருஷப் பிறப்புக்குப் பாயசம். எனக்கு வேண்டாம் என்றேன்.

ஏப்ரல் 15, சனி.

வெயில். மூன்றாம் நம்பர் ஓடுகிறது.

செல்லையாவிடம் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். முதல் தடவையாக அவன் கிண்டல் செய்யவில்லை. அது இன்னும் கஷ்டம்.

"பெரியவருன்னு கும்புட்டா அதுவும் மரியாததான அண்ணாச்சி?"

"மரியாதையை வச்சு என்ன செய்ய?"

"நல்லாருன்னு ஒரு வார்த்த. காசா, பணமா? அந்தப் புள்ள அதுக்காகத்தான நிக்குது."

அவனுக்குப் புரியாது. அந்த ஒரு வார்த்தையைச் சொன்னால் நேற்று அவள் சொன்னது சரி என்று நானே கையெழுத்துப் போட்ட மாதிரி. அப்புறம் நான் அவளுக்கு யார்? ஊரில் வருஷத்துக்கு ஒரு தடவை நினைத்துக் கும்பிடும் கிழவன்.

சாப்பிட்டேன். என்ன சாப்பிட்டேன் என்று ஞாபகம் இல்லை.

ஏப்ரல் 16, ஞாயிறு.

லீவு தர மாட்டேன் என்றான் டிகிரி. சம்பளத்தைப் பிடித்துக்கொள் என்று சொல்லிவிட்டுப் போனேன்.

விமான நிலையத்தில் கூட்டம். முக்கால்வாசி பேர் ஊருக்குப் போகிற கூலி ஆட்கள், கயிறு கட்டிய பெட்டி. சோம்ஸ்ரீ வரிசையில் நடுவில். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. வருவேன் என்று நினைக்கவில்லையாம்.

போகாதே என்று சொல்லத்தான் போனேன். சொன்னேன். தமிழில் சொன்னேன், இங்கிலீஷில் சொன்னேன், இந்தியில் சொன்னேன்.

"நோ" என்றாள். அழவில்லை. பெட்டியைக் கீழே வைத்தாள். கை கூப்பித் தலையைத் தாழ்த்தி நின்றாள். நான் சொல்லட்டும் என்று.

கால்சட்டைப் பைக்குள் கையை விட்டுக்கொண்டேன்.

அவள் நிமிரவில்லை. வரிசை முன்னால் நகர்ந்துவிட்டது, இவள் நகரவில்லை. பின்னால் பெட்டிகள் முட்டின. 'யல்லா, யல்லா' என்று அவசரப்படுத்தும் குரல். அவளுக்குப் பின்னால் ஒரு சர்தார்ஜி, வெள்ளைத் தாடி, என் வயசுதான் இருக்கும்.

"அரே பாயி சாப், பேட்டி நிற்கிறாள். ஆசீர்வாதம் பண்ணுங்கள். லைன் நிற்கிறது."

நான் வாய் திறக்கவில்லை.

எனக்குக் காது கேட்காது என்று நினைத்தாரோ, இந்தி தெரியாது என்று நினைத்தாரோ. கொஞ்சம் பார்த்தார். பிறகு அவரே கையை நீட்டி அவள் தலையில் வைத்து, "ஜீத்தி ரஹோ, பேட்டி. குஷ் ரஹோ" என்றார். நீடூழி வாழ், சந்தோஷமாக இரு, மகளே என்று.

சோம்ஸ்ரீ திடுக்கிட்டு நிமிர்ந்தாள். அவரைப் பார்த்தாள். அவரைக் கும்பிட்டாள். பெட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

சர்தார்ஜி என்னைப் பார்த்துத் தலையசைத்துச் சிரித்தார். ஏதோ எனக்கு ஒத்தாசை செய்துவிட்ட மாதிரி.