எவருக்கும் தோன்றக்கூடிய செருப்பு

பாசமுள்ள மதினிக்கு,

வழக்கில் ஜெயித்துவிட்டோம். அண்ணன் செருப்புப் பட்டறையை மூட வேண்டியதில்லை. சந்தோஷமாகச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். வரவில்லை.

இடது வலது பார்க்காமல் எந்தக் காலிலும் மாட்டக்கூடிய நம் பட்டைச் செருப்புக்கு ஒரு பெரிய கம்பெனி காப்புரிமை வாங்கிக்கொண்டு, அண்ணனுக்கே நோட்டீஸ் விட்டது. நீங்களும் அண்ணனும் நாரணாபுரம் பட்டாசு ஆலையில் இருந்தபோது நீங்கள் வெட்டிய செருப்பு அது. வெடிமருந்து அறைக்கு வெளியே கழற்றிப் போட்டதை, தீ என்றதும் அகப்பட்டபடி மாட்டிக்கொண்டு முள்ளுக்காட்டுக்குள் ஓட வேண்டும். "எந்தக் காலுன்னு பாத்துக்கிட்டு நின்னா தீயும் நமக்காக நிக்குமாக்கும்?" என்பீர்கள்.

நீங்களும் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள்; நீங்கள் வெட்டியவை எல்லாம் தேய்ந்து போயின. காட்ட ஒன்றுகூட இல்லை. "வாய்ச்சொல் கோர்ட்ல நிக்காது. இது யாருக்கும் தோணுற விசயம், இதுக்கு என்ன உரிமைன்னு கேப்போம்" என்றார் வக்கீல்.

வக்கீல் சொன்னபடி பதிலை எழுதியது நான். 'சாதாரணத் தொழிலறிவு உள்ள எவருக்கும் தோன்றக்கூடியது.' அண்ணனுக்கு வாசித்துக் காட்டினேன்.

"எவருக்கும்னா?"

"யாராயிருந்தாலும்னு அர்த்தம்ணே."

"நானும் அவகூட அதே முள்ளுல ஓடுனவன்தான, ஆத்தா. எனக்கு ஏன் தோணல?"

"இதை மட்டும் கோர்ட்ல சொல்லிராதீக" என்றேன். எல்லோருக்கும் தோன்றாது என்றாகிவிட்டால் அவர்கள் காப்புரிமை நின்றுவிடும்; உங்களைப் பெருமையாகச் சொல்லும் ஒவ்வொரு வார்த்தையும் கம்பெனிக்குத்தானே சாதகம்? அண்ணன் கையெழுத்துப் போட்டார்.

தீர்ப்பு வந்த அன்று பட்டறைப் பெண்களுக்கு ஒரே சிரிப்பு. "யாருக்கும் தோணுமாம்ல! அப்ப நம்மளும் பெரிய ஆளுகதான்டி." நானும் சேர்ந்து சிரித்தேன். அண்ணன் மட்டும் பட்டை ஒட்டிக்கொண்டிருந்தார்.

வேறு வழி இருந்ததா மதினி? இருந்திருந்தால் அதைத் தேடியிருப்பேனா? ஆதாரம் இல்லாத எதையும் நம்பிப் பழக்கமில்லாதவள் நான். உங்களையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டேனோ?

இனி அண்ணன் வாயை அடைக்க வேண்டியதில்லை. தீபாவளி சீசன் முடிந்ததும், அந்தப் பெண்கள் எல்லோரும் இருக்கும்போது, 'எனக்கு ஏன் தோணல?' என்ற அவருடைய கேள்வியைத் திரும்பக் கேட்கச் சொல்வேன். முதல் பதில் என்னுடையதாக இருக்கும்: "எனக்குந்தான் தோணலண்ணே."

உங்கள் பெயரை ஒரு வரியிலும் எழுதாத,
உங்கள் நாத்தனார்