வெற்றிலைக்கு அடியில் ஃபாரம்

செவ்வாய். நவராத்திரி இரண்டாம் நாள்

காலையிலிருந்து தூறல். தி.நகர் மண்டபத்தில் மீட்டிங். ஏ.சி.யில் பல் கிட்டிக்கொண்டது. மேடையில் கோட்டு போட்டவர்: நேரடி விற்பனைக்கு இனிமேல்தான் வளர்ச்சியே, கடைக்கு யாரும் போகப்போவதில்லை, வீட்டுக்கு வீடு நம் ஆள். கைதட்டல். நானும் தட்டினேன். எங்கள் ஃபிளாட்டில் ஏற்கெனவே மூன்று பேர் இதே ஷாம்பு, சோப்பை விற்கிறோம். வீட்டுக்கு வீடு ஆள் என்றால் வாங்குவது யார்? கேட்கத் தைரியமில்லை.

என்னைச் சேர்த்துவிட்ட விமலா அக்கா வெளியே பிடித்துக்கொண்டார். "கொலு சீசன்மா. நீ அலையவே வேணாம், தானா வீட்டுக்கு வருவாங்க. விஜயதசமிக்குள்ள உனக்குக் கீழ ரெண்டு பேர் சேக்கலேன்னா உன் பேரை எடுத்துருவாங்க. அப்புறம் என்னைக் கேக்காத."

வாங்க வேண்டியது: வெற்றிலை, பாக்கு, மஞ்சள், பட்டாணி.

வியாழன். நாலாம் நாள்

புழுக்கம். நம் வீட்டுக் கொலுவுக்கு ஏழு பேர். தாம்பூலப் பையில் வெற்றிலைக்கு அடியில் ஷாம்பு சாம்பிள், சேர்க்கை ஃபாரம். இவர் எட்டிப் பார்த்துவிட்டு, "அம்பாளையும் உன் டீம்ல சேத்துட்டியா?" என்றார். சிரிப்பு வரவில்லை.

மைதிலியின் ஃபாரத்தில் பேர், விலாசம் எல்லாம் நானே எழுதிவிட்டேன். கையெழுத்துதான் பாக்கி. இருபது வருஷ சிநேகிதி. மாட்டேன் என்று சொல்லமாட்டாள். சுண்டலில் உப்பு ஜாஸ்தி.

வெள்ளி

மைதிலி போன். "ஏண்டி, வெத்தலபாக்கை யாரும் வேண்டாம்னு சொல்லப்படாதுன்னு தெரிஞ்சுண்டுதானே அதுக்குள்ள வெச்சே?"

ஆமாம். அதுதான் உண்மை. "தவறி விழுந்திருக்கும் மைதிலி" என்றேன்.

"என் பேரை எழுதிண்டா விழுந்தது?"

வைத்துவிட்டாள். வெட்கம் பிடுங்கித் தின்கிறது. எனக்கென்று இருப்பவள் அவள் ஒருத்திதான். மற்றவர்கள் என்னைப் பார்த்தாலே எதிர்ச்சாரிக்குப் போய்விடுகிறார்கள். மற்ற ஆறு பேரிடமிருந்து சத்தமே இல்லை.

ஞாயிறு. ஏழாம் நாள்

வெயில். வருஷா வருஷம் மைதிலி வீட்டுக் கொலுவுக்கு முதல் ஆளாகப் போவேன். இந்த வருஷம் கூப்பிடவில்லை. இருந்தும் மயிலாப்பூருக்கு பஸ் ஏறினேன். கையில் சாம்பிள் கிடையாது, ஃபாரம் கிடையாது. மன்னிப்பு மட்டும் கேட்க வேண்டும். மாட வீதியில் நடக்க இடமில்லை.

உள்ளே யாரோ பாடுகிற சத்தம். செருப்பைக் கழற்றிவிட்டு நுழைவதற்குள் அவளே வாசலுக்கு வந்துவிட்டாள். கையில் குங்குமம், தாம்பூலம், எல்லாம் தயாராக.

"உள்ள நிறையப் பேர் இருக்கா. இங்கேயே எடுத்துக்கோ."

எடுத்துக்கொண்டேன். தாம்பூலத்தைப் பையில் வைத்தேன். செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டு, "போயிட்டு வரேன்டி" என்றேன்.

"சரி" என்றாள். வா என்று சொல்லவில்லை.