டிராக்டருக்கு வைத்த காவல்

1959 ஆடி, செவ்வாய் இரவு. முதலியார்பேட்டை.

தூக்கம் வரவில்லை. தப்பு என்னுடையதுதான்.

கருவடிக்குப்பத்துக் கொல்லையில் ஆள் கிடையாது. கொட்டகையில் நிற்கும் டிராக்டரை எவனாவது கழற்றிக்கொண்டு போய்விடுவானோ என்று, போன மாதம் அதன் மூக்கில் மஞ்சள் பூசி, வேப்பிலை செருகி, முன்னால் ஒரு சூலத்தையும் நட்டுவிட்டு வந்தேன். திருடன் அம்மனுக்காவது பயப்படட்டும் என்றுதான்.

இன்று இன்ஷூரன்ஸ்காரரைக் கூட்டிக்கொண்டு போனால், வாசலில் பொங்கல் பொங்குகிறது. பத்துப் பெண்கள். டிராக்டருக்குப் புடவை கட்டியிருந்தார்கள்.

"செருப்ப கழட்டிட்டு வாங்க" என்றாள் ஒருத்தி. என் கொட்டகையில், என்னிடம்!

"ஈரம் காயறதுக்குள்ள மணிலாக்கொட்ட வெதைக்கணும்மா. நாளைக்கு வண்டிய எடுக்கணும்."

"ஆத்தாளயா ஏர்ல பூட்டுவீங்க? பூ கட்டிப் பாருங்க. உத்தரவு குடுத்தா எடுங்க."

இன்ஷூரன்ஸ்காரர் பாரத்தை விரித்தார். "காவல் பிரமாதம் சார். சொந்தக்காரர்னு யார் பேர எழுதறதுன்னுதான் தெரியல." பொங்கலைச் சாப்பிட்டுவிட்டு, எதையும் எழுதாமலே போய்விட்டார்.

எல்லோரும் போகட்டும், புடவையை உருவி எறிகிறேன் என்று காத்திருந்தேன். போனார்கள். கிட்டே போனேன்.

கன்னத்தில் போட்டுக்கொண்டு திரும்பி வந்துவிட்டேன்.