இராசத்தை அக்கரைக்கு அனுப்பியது

15 ஒக்., திங்கள், 1962
காற்றே இல்லை. லோஞ்சு வந்தது. படகில் வந்தவை: மண்ணெண்ணெய், கோதுமை மா, மிஷன் பத்திரிகை. வராதவை: மகள் மேர்சியின் காதுக்கு மருந்து, எங்கள் மாற்ற உத்தரவு.

இரண்டு வருஷம் என்று சொல்லித்தான் நெடுந்தீவுக்கு அனுப்பினார்கள். இந்த மாதத்தோடு மூன்று. மிஷன் பள்ளிக்கூடத்தை அரசாங்கம் எடுத்தபிறகு எனக்குப் படிப்பிக்க வகுப்பும் இல்லை. என் கணவர் ஊழியக்காரர், இவருக்குச் சிற்றாலயம் இருக்கிறது. ஞாயிறுகளில் ஒன்பது பேர். அதில் மூவர் நாங்கள்.

பத்திரிகையில் ஆபிரிக்காவில் ஊழியம் செய்யும் ஒரு குடும்பத்தின் கடிதம். படத்தில் தாய், தகப்பன், நான்கு பிள்ளைகள், புல் வேய்ந்த வீடு. பாம்பு, காய்ச்சல், ஆறு மாதத்துக்கு ஒருமுறை தபால். இவர் சாப்பிடும்போது சத்தமாக வாசித்தார். "அவையள் முறையிடேல்லைப் பாரும்" என்றார். எழுதியவர் தகப்பன். தாய் எழுதியிருந்தால் என்ன எழுதியிருப்பா என்று யோசித்தபடி கோப்பை கழுவினேன்.

18 ஒக்., வியாழன்
இராசம் ஞானஸ்நானம் கேட்டிருக்கிறாள். என்னிடம் பத்தாம் வகுப்பு படித்தவள், இப்போது பத்தொன்பது வயது. தகப்பன் இல்லை. தாயும் அவளும் தாய்மாமன் சின்னத்தம்பியரின் வளவில் இருக்கிறார்கள். ஆறு மாதமாக இவரிடம் வேதபாடம் கேட்க வருகிறாள்.

இவர் குசினி வாசலில் நின்று கண் கலங்கினார். மூன்று வருஷத்தில் முதல் ஆத்துமா. எங்களை இங்கே அனுப்பிய பெரிய போதகருக்கு உடனே கடிதம். டிசம்பர் முதல் ஞாயிறு வந்து ஞானஸ்நானம் கொடுக்கும்படி.

நானும் சந்தோஷப்பட வேண்டியவள். முதலில் வந்தது பயம். போன தடவை வந்தபோது பெரிய போதகர் என்னிடம் சொன்னது: பலன் காணாத இடத்தில் அதிக காலம் ஆள் வைத்திருக்க ஏலாது. அந்தச் சொல்லைத்தான் இவ்வளவு நாளும் பிடித்துக்கொண்டிருந்தேன். இப்போது பலன் வந்துவிட்டது.

இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. எழுதிவிட்டேன்.

22 ஒக்., திங்கள்
சின்னத்தம்பியருக்குச் செய்தி போய்விட்டது. இந்தப் பக்கத்தில் நல்ல தண்ணீர் அவர் கிணற்றில் மட்டும். காலையில் வாளியோடு போனேன். வாசல் படலை கட்டியிருந்தது. கல்வேலிக்கு அப்பால் நின்று மரியாதையாகத்தான் சொன்னார்: "பிள்ளை, உங்களோடை எனக்கு ஒரு கோபமும் இல்லை. ஆனா இனி இஞ்சை தண்ணிக்கு வரவேண்டாம்."

நல்ல தண்ணீருக்கு இனி ஒன்றரை மைல். மேர்சி சின்னச் செம்போடு கூட வந்தாள், திரும்பும்போது பாதியை ஊற்றிவிட்டாள். அடித்தேன். ஏழு வயசுப் பிள்ளை. பிறகு இருவரும் வழியில் உட்கார்ந்து அழுதோம். மட்டக்குதிரைகள் மூன்று நின்று பார்த்தன.

ஆலயக் கிணற்று உவர் நீர்: குளிக்க, துவைக்க, பாத்திரத்துக்கு. பருப்பு அதில் அவியவே அவியாது.

இவர் சொன்னார், இது சோதனை. ஓம் என்றேன்.

26 ஒக்., வெள்ளி
மேர்சிக்குக் காதில் சீழ். இரவெல்லாம் முனகல்.

என் பழைய பள்ளித் தலைமை ஆசிரியையின் கடிதம். ஜனவரியில் அங்கே ஒரு ஆசிரியை இடம் காலி, விடுதியில் எனக்கும் பிள்ளைக்கும் அறை, நவம்பர் முடிவுக்குள் பதில் தேவை. தையல் மெஷின் லாச்சிக்குள் வைத்திருக்கிறேன். இவரிடம் சொல்லவில்லை. ஏன் என்று தெரியவில்லை. ஊழியக்காரன் பெண்சாதி தனியாகப் போவது எங்கள் சபையில் கேள்விப்படாத காரியம்.

30 ஒக்., செவ்வாய்
இவர் மேற்குப் பக்கம் வீடு சந்திக்கப் போனபின் இராசம் வந்தாள்.  மாமன் அவளுக்குக் கலியாணம் பேசிவிட்டாராம். பெண்சாதியை இழந்தவர், நாற்பத்தைந்து வயது, மூன்று பிள்ளைகள். தை மாதம்.

ஏன் ஞானஸ்நானம் கேட்டாய் என்று நேராகக் கேட்டேன். 

"வேதத்துக்கு வந்தால் மிஷன் ஆஸ்பத்திரியிலை நேர்ஸ் வேலை பழக விடுவினம் எண்டு நினைச்சனான், ரீச்சர். பொய் சொல்ல எனக்கு விருப்பமில்லை. சாமியிலை கோபமும் இல்லை. எனக்கு இஞ்சையிருந்து போகவேணும்."

நான் மூன்று வருஷமாகச் சொல்லாத வசனத்தை அவள் சொன்னாள்.

அங்கே பழக ஞானஸ்நானம் தேவையில்லை என்று எனக்குத் தெரியும். அங்கே நேர்ஸ்மாருக்குத் தலைவியான மேற்றன் என்னோடு படித்தவ. அதையும் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

31 ஒக்., புதன்
மேற்றனுக்குக் கடிதம் எழுதித் தபாற்கந்தோரில் நானே கொடுத்தேன். இவருக்குத் தெரியாது.

இரண்டு காரணம். ஒன்று இராசம். மற்றது எது என்று எனக்குத் தெரியும். அவள் போய்விட்டால் இங்கே பலன் இல்லை. பலன் இல்லாவிட்டால் எங்களை இங்கிருந்து மாற்றுவார்கள். எது பெரியது என்று நிறுத்துப் பார்க்கவில்லை.

9 நவ., வெள்ளி
வாடைக் காற்று. ஆறு நாளாக லோஞ்சு இல்லை. சீனி முடிந்தது. வீட்டுக்குள் எல்லாம் ஈரம், நெருப்புப்பெட்டிகூட. மேர்சி ஒரு காதால் சரியாகக் கேட்பதில்லை என்று இன்றுதான் நிச்சயமாகத் தெரிந்தது. இடப்பக்கம் நின்று கூப்பிட்டேன், திரும்பவில்லை. இவரிடம் சொன்னேன். முழங்காலில் நின்று ஜெபித்தார். நானும் நின்றேன். கண்ணை மூடவில்லை.

13 நவ., செவ்வாய்
கடல் கொஞ்சம் இறங்கிவிட்டது, லோஞ்சு வந்தது. மேற்றன் பதில்: பெண்ணை உடனே அனுப்பு, புது வகுப்பு தொடங்கிவிட்டது.

14 நவ., புதன்
இராசம் போய்விட்டாள்.

தாய்தான் கூட்டிக்கொண்டு வந்தா. ஒரு துணிப்பை, ஒரு சோடிச் செருப்பு, கையில். ஏறும்போதுதான் போட்டாள். தாய் அழவில்லை. "தமையன் என்னை வளவிலை இருக்க விடுவாரோ தெரியாது. இவள் போகட்டும்" என்றா. குறிகட்டுவான் துறையில் இறங்கி எந்த பஸ் என்று இராசம் மூன்று தரம் கேட்டாள். மூன்று தரமும் சொன்னேன். மேல்தட்டில் நின்று திரும்பிப் பார்ப்பாள் என்று நினைத்தேன். அவள் அக்கரையைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள்.

15 நவ., வியாழன்
இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டாவது காரணத்தையும்.

கத்தவில்லை. கதிரையில் இருந்து சப்பாத்தைக் கழற்றினார், பிறகு அதே சப்பாத்தைத் திரும்பவும் போட்டார். "அவள் என்னட்டைச் சொல்லியிருந்தால் நானே அனுப்பியிருப்பன்" என்றார். சொல்லக்கூடிய ஆளாக நீங்கள் இருந்தீர்களா என்று கேட்க நினைத்தேன். 

ஆலயத்துக்குப் போனார். மத்தியானச் சாப்பாட்டுக்கு வரவில்லை.

20 நவ., செவ்வாய்
ஐந்து நாளாக அளவான பேச்சு. உப்பு எடும். பிள்ளைக்கு எப்படி. நாளைக்குக் காற்று.

சின்னத்தம்பியர் தங்கையை வளவை விட்டு அனுப்பவில்லை. ஆனால் பேச்சில்லையாம். படலை கட்டினபடி.

மாலையில் இவர் தானாகச் சொன்னார்: "பெரிய போதகருக்கு எழுதிப்போட்டன். இன்னும் இரண்டு வருஷம் தரச்சொல்லி. ஒண்டும் செய்யாமல் இஞ்சையிருந்து போக எனக்கு ஏலாது."

அரிசி களைந்துகொண்டிருந்தேன்.  இது நானே செய்த வேலை. இராசம் இருந்திருந்தால் பலனுக்காக எங்களை வைத்திருப்பார்கள். அவள் போனதால் பலனுக்காக இவர் இருக்கப்போகிறார். எந்தப் பக்கம் தள்ளினாலும் அதே கதவு.

"என்னைக் கேக்கேல்லையே" என்றேன்.

"நீரும் என்னைக் கேக்கேல்லை" என்றார்.

உண்மை.  அரிசியில் கல் பொறுக்கினேன்.

22 நவ., வியாழன்
லாச்சியிலிருந்து தலைமை ஆசிரியையின் கடிதத்தை எடுத்து இவர் முன்னால் வைத்தேன். இரண்டு தரம் வாசித்தார். மேர்சியின் காது, அங்கே இருக்கும் காது டொக்டர், பள்ளிக்கூடம் எல்லாம் சொன்னேன். கடைசியில், எனக்காகவும் என்றேன். அது வாயிலிருந்து வர நேரம் எடுத்தது.

"சபை என்ன சொல்லும்?"

"சொல்லட்டும்."

"நான் தனிய இருப்பன்."

"ஓம்" என்றேன்.  இவரில் எனக்கு வெறுப்பில்லை. கலியாணம் முடித்துப் பதினொரு வருஷம். அதுதான் கஷ்டம்.

24 நவ., சனி
மழை தூறல். லோஞ்சு பத்து மணிக்கு என்றார்கள். தலைமை ஆசிரியைக்கு நான்கு வரி: ஜனவரியில் வருகிறேன், பிள்ளையோடு. தபாற்கந்தோருக்கு நடந்தேன். இவர் பின்னாலேயே குடையோடு வந்து என் தலைக்கு மேல் பிடித்தார்.  கடித உறையை வாங்கி, மேலே எழுதியிருந்த விலாசத்தைப் பார்த்தார். திருப்பித் தந்தார்.

கொடுத்துவிட்டேன். தபால் பையைக் கட்டி அரக்கு வைத்துவிட்டார்கள்.