பால் நின்றதைச் சொல்லவில்லை

மே 18, ஞாயிறு

இவ்வளவு நேரம் கழித்து எழுதுவதற்கு மன்னிக்கவும். மணி பதினொன்றே முக்கால். யாரிடம் மன்னிப்புக் கேட்கிறேன் என்று தெரியவில்லை. நோட்டிடம்தான். காலேஜில் வாங்கியது, முதல் நாலு தாளில் அல்ஜீப்ரா.

கத்திரி. இந்நேரத்திலும் சுவரில் கை வைத்தால் சுடுகிறது.

நேற்று வீட்டுக்கு வந்த நர்ஸ் அக்கா சொன்னதால் எழுதுகிறேன். "தூக்கம் வரலன்னா போன நோண்டாத. அன்னிக்கு நடந்ததுல ஒரே ஒரு நல்லத எழுதி வையி."

"ஒன்னுமே நடக்கலன்னா, அக்கா?"

"டீ நல்லா இருந்துச்சின்னு எழுது. யாரு கேக்கப் போறாங்க?"

பையன் போய் இன்றோடு பன்னிரண்டு நாள். ஏழாம் மாதத்தில் பிறந்தான். ஆஸ்பத்திரிக் கண்ணாடிப் பெட்டிக்குள் இரண்டு நாள் இருந்தான். பெயர் வைக்கவில்லை. ஒரு தடவை எழுதியாயிற்று. இனி இதை எழுத மாட்டேன்.

இன்றைய நல்லது: டீ நன்றாக இருந்தது.

மே 19, திங்கள்

அம்மா காலை பஸ்ஸில் வேப்பூர் போய்விட்டாள். செருப்பை மாட்டிக்கொண்டே, "பூவ வச்சிக் கட்டறத வுட்டுடாதடி. பால் வத்தற வரைக்கும் தெனம் மாத்தணும். மாப்ளகிட்டயும் சொல்லிட்டேன்."

மல்லிகையை மார்பில் வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டுவது. குடிக்கப் பிள்ளை இல்லாத பாலை வற்றவைக்க. டாக்டர் மாத்திரை கொடுத்திருக்கிறார். அம்மாவுக்குப் பூ மேல்தான் நம்பிக்கை.

அவர் காலை ஆறு மணிக்கு வந்தார். சிராமிக்ஸ் கம்பெனியில் சூளை பார்க்கிற வேலை, இப்போது நைட் ஷிப்ட். பூப் பொட்டலத்தைக் கதவுக் கொண்டியில் மாட்டினார். நைட் ஷிப்ட் அவரே கேட்டு வாங்கிக்கொண்டது. பிள்ளையை மண்ணில் வைத்துவிட்டு வந்த அன்று ராத்திரியே கிளம்பிப் போனார். "கல்லு மனசுடி ஒம் புருஷனுக்கு" என்றாள் அம்மா. நான் மறுத்துப் பேசவில்லை.

டீ குடித்தார். டம்ளரைக் கீழே வைக்கும் முன் அதன் அடியைக் கட்டைவிரலால் ஒரு சுற்றுத் துடைத்தார். பதினோரு வருடப் பழக்கம். கிளேஸில், அதாவது பளபளப்புக் குழம்பில், முக்கியெடுத்த சாமானுக்கு அடியைத் துடைக்காமல் சூளையில் வைத்தால், கிளேஸ் உருகிப் பலகையோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு உடைத்துத்தான் எடுக்க வேண்டும். நான் அங்கே வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் அவர் சொல்லித்தந்தது. பி.எஸ்ஸி. மேத்ஸ் படித்த திமிரில் காதிலேயே வாங்கவில்லை. ஒரு பலகை அகல்விளக்கு மொத்தமும் ஒட்டிப்போனது. "மேடம் பெரிய படிப்பு போலருக்குது" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பில் ஆரம்பித்ததுதான் எல்லாம்.

நல்லது: கரண்ட் போன அதே நிமிஷம் கொஞ்சம் காற்று.

மே 21, புதன்

வாங்க: உளுந்து, சோப்பு, இனியாவுக்கு சாக்ஸ் 2 ஜோடி, டிபன் பாக்ஸ் (மூடி இறுக்கமாக). காஸ் புக் பண்ண வேண்டும். ஸ்கூல் திங்கள் திறக்கிறது, ஜூன் 2. நாலு வயதுக்கு எல்.கே.ஜி. பையே அவளை விடப் பெரிது.

முந்திரிப்பழத்தை உப்பு தொட்டுத் தின்றாள். "தொண்ட கரகரங்குதும்மா."

"அப்ப போதும், வையி."

"இன்னொன்னு குடு. கரகரப்பு போவட்டும்."

இதுதான் இன்றைய நல்லது என்று எழுதியிருப்பேன். ஆனால் தூங்கும்போது கேட்டாள். "தம்பி இன்னும் பெட்டியிலயே இருக்கானா?"

"இல்லடா."

"எங்க போயிட்டான்? ஸ்கூலுக்கா?"

ம் என்றேன். அவள் அப்படியே தூங்கிவிட்டாள். நான்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

மே 23, வெள்ளி

பாலக்கரைக்குப் போய் டிபன் பாக்ஸ். ரோஸ் கலர்தான் வேண்டுமாம். மூடி இறுக்கம் சுமார்.

பஸ் ஸ்டாப் பூக்கார அக்கா இனியாவை அடையாளம் கண்டுகொண்டது. "ஏய் குட்டி! நீ சிராமிக்ஸ்காரரு பொண்ணுதான? அப்ப நீதான் அந்த மவராசியா?" கடைசிக் கேள்வி எனக்கு.

"எந்த மவராசிக்கா?"

"தெனம் விடியக்கால மொத ஆளா வந்து நிக்கிறாரும்மா ஒன் வூட்டுக்காரரு. மொட்டாப் பாத்துக் குடு, நேத்து பூவக் கலக்காதன்னு ஆயிரத்தெட்டு சொல்றாரு. கல்யாணமாயி எத்தினி வருஷம்?"

"அஞ்சு."

"அஞ்சு வருஷம் கழிச்சும் பூவா! நான் இருவது வருஷமா பூ கட்டறேன். எம் புருஷன் ஒரு நாளு ஒரு கிள்ளு எடுத்து எந்தலையில வச்சதில்ல. குடுத்து வச்சவடி நீ."

சிரித்தேன். உண்மையிலேயே சிரிப்பு வந்தது. வீட்டுக்கு வந்து பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டேன்.

அவர் இப்படிப் பார்த்துப் பார்த்து வாங்குகிறார் என்பது எனக்கு இதுவரை தெரியாது.

மே 24, சனி

மார்பில் கட்டிய துணி காய்ந்திருக்கிறது. காலை முதல் கனமே இல்லை. நின்றுவிட்டது.

அவரிடம் சொல்ல வேண்டும், இனி பூ வேண்டாமென்று. சொல்லவில்லை. சொன்னால் பூவும் நின்றுவிடும்.

நல்லது: எழுதத் தோன்றவில்லை.

மே 27, செவ்வாய்

பூ வந்துகொண்டேயிருக்கிறது. கட்டிக்கொள்ளவும் மனமில்லை, தலையில் வைக்கவும் மனமில்லை, குப்பையில் போடக் கை வரவில்லை. பிரிட்ஜில் மூன்று பொட்டலம். தயிரில் வாசனை ஏறிவிட்டது. இனியா ஒரு வாய் தின்றுவிட்டு, "ஐ, பூச் சோறு!"

அவர் தட்டிலும் அதே தயிர்தான். நிமிர்ந்து பார்த்தார். ஏதோ கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். "தண்ணி" என்றார். கொடுத்தேன்.

எழுத மாட்டேன் என்றதை எழுதுகிறேன். ஆஸ்பத்திரிக்குப் போனதற்கு முந்தின நாள் மதியத்திலிருந்தே அசைவு குறைந்திருந்தது. வெயில் என்று நினைத்தேன். இளநீர் குடித்துவிட்டுப் படுத்தேன். அவருக்குப் போன் பண்ணவில்லை. வேலையில் இருப்பார், காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று. யாருக்கும் தெரியாது. அவருக்குத் தெரிந்திருக்குமோ. அதனால்தான் ராத்திரி இந்த வீட்டில் இருக்கப் பிடிக்கவில்லையோ.

மே 29, வியாழன்

கத்திரி முடிந்தது. நாலு மணிக்கு மழை! இருபது நிமிஷம்தான். இனியா வீட்டிலிருந்த டம்ளரையெல்லாம் எடுத்துப்போய் வாசலில் வரிசையாக வைத்தாள், மழை பிடிக்க. ஒவ்வொன்றையும் வைக்கும் முன் அடியைக் கட்டைவிரலால் துடைத்தாள். நனைந்துகொண்டே, அவ்வளவு கவனமாக. அவர் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பிக் காட்டியிருக்கலாம்.

கொடித் துணியை மூட பிளாஸ்டிக் ஷீட் தேடி அவர் வண்டியின் சைடு பெட்டியைத் திறந்தேன். ஷீட்டுக்குக் கீழே பழைய யூனிபார்ம் சட்டையில் ஏதோ சுற்றியிருந்தது.

பாலாடை. கைக்குழந்தைக்குப் பால் புகட்டுவோமே, ஒரு பக்கம் குவிந்த சின்னக் கிண்ணம், அது. வெள்ளைப் பீங்கானில். விளிம்பு முட்டை ஓடு மாதிரி மெல்லிசு. பக்கவாட்டில் நீலத்தில் தேதி, அவர் கையெழுத்து: 6/5.

பையனை மண்ணில் வைத்த நாள். அந்த ராத்திரி இதற்காகத்தான் போயிருக்கிறார்.

திருப்பிப் பார்த்தேன். அடி முழுசாக இல்லை. பாதி உடைந்திருந்தது, மீதியில் சூளைப் பலகையின் துண்டு அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது.

துடைக்கவில்லை. டீ டம்ளருக்குத் துடைக்கிறவர் இதற்குத் துடைக்க மறந்திருக்கிறார்.

இருந்தபடியே சுற்றி வைத்துவிட்டேன். கொடித் துணி மொத்தமும் நனைந்துவிட்டது.

ஜூன் 1, ஞாயிறு, இரவு எட்டு

நீங்கள் குளித்துக்கொண்டிருக்கிறீர்கள். ஒன்பதுக்குக் கிளம்பிவிடுவீர்கள், அதற்குள் எழுத வேண்டும். நேருக்கு நேர் ஆரம்பித்தால் நான் அழுவேன், நீங்கள் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விடுவீர்கள். அதனால் இந்த நோட்டைச் சாப்பாட்டுப் பையில் வைக்கிறேன். முதலிலிருந்து படியுங்கள். 27ஆம் தேதி எழுதியதைப் படிக்காமல் தாண்டிப் போக வேண்டாம். படித்துவிட்டுக் கோபம் வந்தால் வரட்டும்.

வண்டிப் பெட்டியைத் திறந்தது தப்புதான். பாலாடையைப் பார்த்துவிட்டேன். இனிமேல் பெட்டியில் வேண்டாம், வீட்டுக்குள் கொண்டுவாருங்கள். அடி இல்லாததால் நிற்காது. படுக்க வைத்துக்கொள்ளலாம்.

பால் நின்று எட்டு நாளாகிறது. உங்களிடம் சொல்லவில்லை. நாளைக்கும் பூ வாங்குங்கள். தலைக்கு என்று கேட்டு வாங்குங்கள்.

இனியா புதுப் பையை மாட்டிக்கொண்டு கூடத்தில் நடக்கிறாள். சாயந்திரம் பென்சிலை இரண்டாக உடைத்து ஒரு துண்டைத் தனியாக எடுத்து வைத்தாள். எதற்கு என்றேன். "தம்பிக்கு. ஸ்கூல்ல இருப்பான்ல" என்றாள். நான் சொன்ன பொய் அது. நாளைக்கு எட்டரைக்கு அவள் போய் வகுப்பு வகுப்பாகத் தேடுவாள். அதற்கு முன்னால் சொல்லியாக வேண்டும். என்னால் தனியாகச் சொல்ல முடியாது. முயன்று பார்த்தேன்.

தண்ணீர் சத்தம் நின்றுவிட்டது.

காலையில் பூவோடு இந்த நோட்டையும் கொண்டியில் மாட்டுங்கள். அவளிடம் என்ன சொல்லலாம் என்று எழுதுங்கள், இரண்டு வரி போதும். அவள் எழுந்திருக்கும் முன் எனக்கு வேண்டும். சீக்கிரம் பதில் எழுதுங்கள்.